பனிக்காலத்திலும் ஓய்வுக் காலத்திலும் புல்தரைப் பராமரிப்பு: செட்டிநாட்டு விவசாயிகளுக்கான வழிகாட்டி

ஆத்தங்குடி, கானாடுகாத்தான், காரைக்குடி பகுதிகளில் பழைய செட்டிநாட்டு வீடுகள் பல இன்று சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதிகளாக மாறியுள்ளன. இவ்வீடுகளின் முன்புறத்திலும், பள்ளி, கல்லூரி வளாகங்களிலும், திருமண மண்டபங்களிலும் புல்தரை அமைக்கப்படுகிறது. இதனால் விவசாயிகளுக்கு இரண்டு வகை வாய்ப்புகள் உள்ளன. ஒன்று, தோட்டத்தில் புல் வளர்த்து விற்பது. மற்றொன்று, புல்தரையைப் பராமரிக்கும் பணியை ஒப்பந்தமாக எடுப்பது.

புல் நடுவது எளிது. ஓர் ஆண்டு முழுவதும் அதைக் காப்பாற்றுவதுதான் கடினம். தவறான மாதத்தில் துளையிடுவது, பனி நேரத்தில் யூரியாவை அள்ளிப் போடுவது, கோடையில் ஆழ்துளைக் கிணற்றை வற்ற அடிப்பது ஆகிய மூன்றுமே அதிக இழப்பை உண்டாக்குபவை. கோல்ஃப் மைதானங்களில் பின்பற்றப்படும் பராமரிப்பு முறைகளிலிருந்து நம் பகுதிக்குப் பொருந்துபவற்றை மட்டும் இக்கட்டுரையில் காண்போம்.

கோல்ஃப் மைதானத்திலிருந்து என்ன கற்கலாம்?

இந்தியாவில் கோல்ஃப் விளையாட்டு மிகப் பழையது. கொல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டனுக்கு வெளியே தொடங்கப்பட்டவற்றில் மிகப் பழமையானது. தமிழ்நாட்டில் கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கப்பட்டது. உதகமண்டலம், வெலிங்டன், சென்னை, கோயம்புத்தூர் ஆகிய இடங்களிலும் கோல்ஃப் மைதானங்கள் உள்ளன.

18 குழிகள் கொண்ட ஒரு மைதானத்துக்குப் பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் நிலம் தேவை. ஆனால் அந்த நிலம் முழுவதையும் ஒரே மாதிரி பராமரிப்பதில்லை. பந்து குழிக்குள் உருண்டு விழும் 'கிரீன்' எனப்படும் பகுதி, 18 குழிகளுக்கும் சேர்த்தே 2 முதல் 3 ஏக்கர்தான் இருக்கும். தண்ணீர், உரம், ஆள்கூலி ஆகியவற்றில் பெரும்பங்கு இந்தச் சிறு பரப்புக்கே செல்கிறது. நடுப்பகுதிக்கு நடுத்தரக் கவனிப்பு. ஓரங்கள் மழையை நம்பியே விடப்படுகின்றன. மிக வறண்ட பகுதிகளில் இருந்த சில இந்திய மைதானங்களில் கிரீன் பகுதியில் புல்லே இல்லாமல், எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி 'பிரவுன்' என்ற பெயரில் பயன்படுத்தியதும் உண்டு.

நமக்கு இதில் உள்ள பாடம் இதுதான். 20 சென்ட் புல்தரை இருந்தால் அதை மூன்று பகுதியாகப் பிரிக்க வேண்டும். வாசலுக்கு நேராக, கண்ணில் படும் 4 அல்லது 5 சென்ட் முதல் பகுதி. நடந்து செல்லும் இடம் இரண்டாம் பகுதி. மரத்தடியும் வேலி ஓரமும் மூன்றாம் பகுதி. எல்லா இடத்துக்கும் ஒரே அளவு தண்ணீர் விடுவதை நிறுத்தினாலே செலவு கணிசமாகக் குறையும்.

ஓய்வுக் காலம் எது? மலையில் ஒன்று, சமவெளியில் வேறு

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஏப்ரல், மே மாதங்கள் சீசன். அங்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். உதகையை ஒட்டிய தலைகுந்தா, காந்தள் போன்ற தாழ்வான இடங்களில் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி வரை இறங்கும். எனவே மலை மைதானங்களுக்குப் பனிக்காலமே ஓய்வுக் காலம்.

உறைபனி படிந்த புல்லின் மேல் நடந்தால், இலைக்குள் உறைந்த நீர் செல்களைக் கிழித்துவிடும். சில மணி நேரத்தில் கால் தடம் அப்படியே கருகித் தெரியும். அதனால்தான் பனி உருகும் வரை அங்கு யாரையும் மைதானத்தில் இறங்க விடுவதில்லை. பனி விழுந்த காலையில் சூரிய ஒளி படும் முன் லேசாக நீர் தெளிப்பதும் வழக்கம்.

செட்டிநாட்டில் நிலைமை நேர்மாறானது. இங்கு மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பநிலை 20 டிகிரி அளவில்தான் இருக்கும். உறைபனி கிடையாது. அருகம்புல் வகைகள் நன்கு வளர 27 முதல் 35 டிகிரி வெப்பம் தேவை. எனவே நம் ஊர்ப் பனியில் புல்லின் வளர்ச்சி மெதுவாகுமே தவிர நின்றுவிடாது. அதே நேரத்தில் சுற்றுலாப் பயணிகள் அதிகம் வருவது கார்த்திகை முதல் மாசி வரைதான். ஆகவே நமக்குப் பனிக்காலம் புல்தரையை நன்றாகக் காட்ட வேண்டிய காலம். சித்திரை, வைகாசிக் கத்திரி வெயில்தான் ஓய்வுக் காலம்.

மலைக்கும் சமவெளிக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: புல் வேகமாக வளராத நேரத்தில் அதைக் காயப்படுத்தக் கூடாது. துளையிடுதல், வாரிக் கிளறுதல், ஒட்ட வெட்டுதல் எல்லாமே புல்லுக்குக் காயம்தான். காயம் ஆறுவதற்கு வளர்ச்சி வேண்டும். மலையில் அதனால்தான் பனிக்காலத்தில் புல்லைத் தொடாமல், வடிகால் சீரமைப்பு, மரக்கிளை கழித்தல், இயந்திரம் பழுதுபார்த்தல் போன்ற வேலைகளை முடிக்கிறார்கள். நம் பகுதியில் பெரிய சீரமைப்பு வேலைகளை ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மழை கிடைத்தபின் செய்வதே சரி.

எந்தப் புல் ஏற்றது?

*அருகம்புல்:* வயல் வரப்பில் நாம் களையாகப் பிடுங்கி எறியும் அதே புல்தான் உலகின் வெப்பப் பகுதி கோல்ஃப் மைதானங்களின் அடிப்படை. வறட்சி, உப்புத்தன்மை, மிதிபடுதல் மூன்றையும் தாங்கும். நிழலைத் தாங்காது.

*வீரிய அருகு:* டிஃப்வே 419 (1960), டிஃப்டுவார்ஃப் (1965) ஆகியவை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி உருவாக்கியவை. இவருக்கும் நம் மானாவாரி விவசாயத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பான எச்.பி.1 (1965) ரகத்தின் பெண் பெற்றோரான டிஃப்ட் 23ஏ அவர் உருவாக்கிய வழியே. இந்த வீரிய அருகு ரகங்களில் விதை பிடிக்காது. தண்டுத் துண்டுகளை நட்டே பெருக்க வேண்டும்.

*கொரியன் புல்:* மெத்தை போல் அடர்ந்து வளரும். வெட்டும் வேலை குறைவு. ஆனால் மெதுவாகப் பரவும். கெட்டுப்போன இடம் மூட நாளாகும்.

*எருமைப்புல்:* அகன்ற இலை கொண்டது. ஓரளவு நிழலைத் தாங்கும். தண்ணீர்த் தேவை அதிகம்.

*கிக்குயு புல்:* கென்யா மலைப்பகுதியைச் சேர்ந்தது. உதகை, கொடைக்கானல் பகுதிகளில் பரவலாக உள்ளது. நம் வெயிலுக்கு ஏற்றதல்ல. மலையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வர வேண்டாம்.

ஆத்தங்குடியைச் சுற்றியுள்ள செம்மண், சரளை கலந்த செம்பொறை மண்ணுக்கு அருகு வகைகளே முதல் தேர்வு. மா, வேம்பு போன்ற மரங்களின் அடர்ந்த நிழலில் எந்தப் புல்லும் நிலைக்காது. அங்கு சரளைக் கல் பரப்பிவிடுவது நல்லது.

மாதவாரிப் பணிகள்

*புரட்டாசி (வடகிழக்குப் பருவமழைக்கு முன்):*
சிவகங்கை மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 900 மி.மீ. அளவில் உள்ளது. இதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. செம்பொறை மண்ணில் சற்றுக் கீழே இறுகிய அடுக்கு இருப்பதால் நீர் தேங்கும். எனவே,
- ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. சரிவு உள்ளதா என்று நூல் கட்டிப் பார்க்க வேண்டும்.
- பள்ளங்களை மணல் கலந்த மண்ணால் நிரப்பி, வடிகால் வாய்க்காலைத் தூர்வார வேண்டும்.
- மழை தீவிரமாவதற்கு முன் சென்ட்டுக்கு 300 முதல் 350 கிராம் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் இடலாம். இது சதுர மீட்டருக்கு 5 கிராம் சாம்பல் சத்துக்குச் சமம். நோயையும் குளிரையும் தாங்கும் திறன் கூடும்.

*ஐப்பசி, கார்த்திகை (மழைக்காலம்):*
- ஈரத் தரையில் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. சக்கரத் தடம் பதிந்தால் மண் இறுகி, கோடை வரை அது ஆறாது.
- மழை தொடரும்போது தழைச்சத்து இட வேண்டாம். மண்ணில் கரைந்து வீணாகும். பூஞ்சாண நோயும் பெருகும்.
- நீர் 24 மணி நேரத்துக்கு மேல் தேங்கினால் கடப்பாரையால் ஆங்காங்கே 30 செ.மீ. ஆழக் குழி போட்டு, மணல் நிரப்பி வடிய விட வேண்டும்.

*மார்கழி, தை (பனிக்காலம்):*
- *வெட்டும் உயரம்:* வீட்டுப் புல்தரையை மற்ற காலங்களில் 2 முதல் 3 செ.மீ. உயரத்தில் வைத்திருந்தால், பனிக்காலத்தில் அரை செ.மீ. முதல் 1 செ.மீ. வரை உயர்த்திக்கொள்ள வேண்டும். பகல் குறைவு என்பதால் இலைப்பரப்பு கூடுதலாகத் தேவை. எந்தக் காலத்திலும் ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது.
- *பனித்துளி தட்டுதல்:* காலையில் இருவர் இரு பக்கமும் நின்று நீண்ட கயிற்றைப் புல்லின் மேல் இழுத்துச் சென்றால் பனித்துளி உதிர்ந்து இலை சீக்கிரம் காயும். கோல்ஃப் மைதானங்களில் நீண்ட கழியைக் கொண்டு இதைச் செய்கிறார்கள். செலவில்லாத இந்த ஒரு வேலை பூஞ்சாண நோயைப் பெருமளவு குறைக்கும்.
- *உரம்:* வளர்ச்சிக் காலத்தில் மாதம் சென்ட்டுக்கு 430 கிராம் யூரியா (சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து) என்றால், பனிக்காலத்தில் அதில் பாதி போதும். இலை காய்ந்திருக்கும்போது மணலுடன் கலந்து தூவி, உடனே நீர் விட வேண்டும். ஈர இலையில் யூரியா ஒட்டினால் கருகும்.
- *நீர்:* மாலையில் நீர் விடுவதைத் தவிர்க்க வேண்டும். இரவு முழுவதும் இலை நனைந்திருக்கும். அதிகாலை முதல் காலை 8 மணிக்குள் விடுவது நல்லது.

வடஇந்திய மைதானங்களில் குளிரில் அருகம்புல் பழுத்து உறங்கிவிடும். அதனால் அங்கு குளிர்காலப் புல் விதையை மேலே தூவுகிறார்கள். நம் பகுதியில் அதற்குத் தேவையே இல்லை. அத்தகைய விதை வாங்கச் சொன்னால் பணத்தை வீணாக்க வேண்டாம்.

*மாசி, பங்குனி:*
பனி குறைந்து வெயில் ஏறும் காலம். உரத்தை வழக்கமான அளவுக்குக் கொண்டு வரலாம். வேரை ஆழமாக்க இதுவே தருணம். தினமும் சிறிது நீர் விடுவதை மாற்றி, 3 அல்லது 4 நாட்களுக்கு ஒருமுறை 10 முதல் 15 செ.மீ. ஆழம் நனையும்படி விட வேண்டும். கம்பியைக் குத்திப் பார்த்தால் நனைந்த ஆழம் தெரியும்.

*சித்திரை, வைகாசி (ஓய்வுக் காலம்):*
தழைச்சத்து இட வேண்டாம். வெட்டுவதைக் குறைத்து, 4 செ.மீ. வரை வளர விடலாம். தண்ணீர் குறைவாக இருந்தால் இரண்டாம், மூன்றாம் பகுதிகளை உறங்க விட வேண்டும். அருகம்புல் காய்ந்து வைக்கோல் நிறமானாலும் மண்ணுக்குள் தண்டும் வேரும் உயிரோடு இருக்கும். மழை பெய்ததும் துளிர்க்கும். உறங்கும் புல்லில் ஆள் நடமாட்டம், வாகனம், ஆடு மாடு கூடாது.

*ஆனி, ஆடி, ஆவணி (சீரமைப்புக் காலம்):*
ஓரிரு மழை கிடைத்து, புல் துளிர்விட்டபின் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்ய வேண்டும்.
1. *காய்ந்த மெத்தையை அகற்றுதல்:* புல்லுக்கும் மண்ணுக்கும் இடையே காய்ந்த தண்டுகள் மெத்தை போல் சேரும். ஒரு துண்டை வெட்டிப் பார்த்து, அது 1.25 செ.மீ.க்கு மேல் இருந்தால் பல்வாரியால் குறுக்கும் நெடுக்கும் வாரி எடுக்க வேண்டும்.
2. *துளையிடுதல்:* மழைக்கு மறுநாள், மண் ஈரமாக இருந்தும் கையில் ஒட்டாத பதத்தில், 7 முதல் 10 செ.மீ. ஆழத்தில் 10 செ.மீ. இடைவெளியில் துளையிட வேண்டும். இயந்திரம் இல்லாவிட்டால் நான்கு முள் உள்ள இரும்புக் கவையைக் குத்தி, லேசாக அசைத்து எடுத்தால் போதும்.
3. *மணல் தூவுதல்:* 5 மி.மீ. கனத்துக்குச் சலித்த மணலைத் தூவி, துளைக்குள் இறங்கும்படி தென்னை விளக்குமாறால் தள்ள வேண்டும். ஒரு சென்ட்டுக்கு சுமார் 7 கன அடி மணல் தேவைப்படும். எம்-சாண்ட் பயன்படுத்தினால் கழுவியதாக இருக்க வேண்டும். கல் தூள் கலந்திருந்தால் சிமெண்டு போல் இறுகிவிடும்.
4. *உரம், நீர்:* மறுநாள் யூரியா முழு அளவு இட்டு நீர் விட வேண்டும். 3 வாரத்தில் தரை மூடிவிடும்.

கண்மாய் வண்டலைப் புல்தரையின் மேல் தூவ வேண்டாம். வயலுக்கு வண்டல் அருமையான உரம். ஆனால் மணற்பாங்கான புல்தரையின் மேல் களிமண் படலமாகப் படிந்தால், நீரும் காற்றும் கீழே இறங்காமல் மூடிபோல் தடுத்துவிடும். வண்டலை நெல் வயலுக்கும் தென்னைக்கும் பயன்படுத்துங்கள்.

தண்ணீர்க் கணக்கு

புல் வளர்ப்பில் இறங்கும் முன் ஒவ்வொரு விவசாயியும் போட வேண்டிய கணக்கு இது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் என்பது 1 லிட்டர். ஒரு சென்ட் ஏறத்தாழ 40 சதுர மீட்டர்.

- பனிக்காலத்தில் தினசரித் தேவை சுமார் 3 மி.மீ. அதாவது சென்ட்டுக்கு 120 லிட்டர்.
- கோடையில் பச்சையாக வைத்திருக்க சுமார் 5 மி.மீ. அதாவது சென்ட்டுக்கு 200 லிட்டர்.
- 10 சென்ட் புல்தரைக்குக் கோடையில் தினம் 2,000 லிட்டர். சொட்டுநீர் மூலம் 20 முதல் 30 தென்னை மரங்களைக் காப்பாற்றும் தண்ணீர் இது.
- 15 நாட்களுக்கு 30,000 லிட்டர்.
- அதே 10 சென்ட்டை உறங்க விட்டு, 15 நாட்களுக்கு ஒருமுறை 12 மி.மீ. மட்டும் விட்டால் 4,800 லிட்டர் போதும். புல் நிறம் மாறும், சாகாது.

ஆக, இரண்டு வாரத்தில் 25,000 லிட்டர் மிச்சமாகிறது. கோடையில் கிணறு வற்றும் ஊரில் புல்லுக்கும் தென்னைக்கும் போட்டி வந்தால் தென்னைக்கே தண்ணீர் விட வேண்டும். புல் மீண்டும் துளிர்க்கும்; காய்ந்த தென்னை துளிர்க்காது.

தெளிப்புநீர்க் கருவி எவ்வளவு நீர் தருகிறது என்பதை அறிய, ஒரே அளவுள்ள 6 அல்லது 7 காலி டப்பாக்களைத் தரையில் பரப்பி வைத்து அரை மணி நேரம் ஓட்டி, ஸ்கேலால் அளந்து பார்க்கலாம். சராசரி 5 மி.மீ. என்றால் அரை மணி நேரமே போதும். டப்பாக்களுக்கிடையே அதிக வித்தியாசம் இருந்தால் தெளிப்பானின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும்.

நோய், பூச்சி, களை

*நாணயப் புள்ளி நோய்:* பனிக்காலத்தில் ரூபாய் நாணயம் அளவில் வைக்கோல் நிறப் புள்ளிகள் தோன்றும். காலைப் பனியில் வெண்ணிறச் சிலந்தி வலை போன்ற பூஞ்சாண இழை தெரியும். தழைச்சத்துக் குறைவும், இலையில் பனி நீண்ட நேரம் நிற்பதும் காரணம். மேலே சொன்ன பாதி அளவு யூரியாவும் பனி தட்டுவதும் பெரும்பாலும் போதும்.

*பழுப்புத் திட்டு நோய்:* வட்ட வட்டமாகப் பெரிய திட்டுகள் வரும். அதிகத் தழைச்சத்தும் அதிக ஈரமும் காரணம். இங்கு யூரியாவை நிறுத்த வேண்டும். இரண்டு நோய்க்கும் மருந்து எதிர்மாறாக இருப்பதால், புள்ளியின் அளவைப் பார்த்து உறுதி செய்த பின்பே முடிவெடுக்க வேண்டும். முன்னெச்சரிக்கையாக ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை மட்கிய தொழு உரத்துடன் கலந்து இடலாம்.

*வேர்ப்புழு:* நிலக்கடலை விவசாயிகளுக்குத் தெரிந்த அதே வெள்ளைப் புழுதான். கோடை மழைக்குப்பின் வண்டுகள் வேப்ப மரங்களில் கூடும். விளக்குப்பொறி வைத்தும், கிளையை உலுக்கியும் வண்டுகளைச் சேகரித்து அழிக்க வேண்டும். புல் காய்ந்த இடத்தில் கையால் இழுத்தால் பாய் போல் பெயர்ந்து வந்தால் வேர்ப்புழு இருப்பது உறுதி. ஒரு சதுர அடியை மூன்று பக்கம் வெட்டி மடித்துப் புழுக்களை எண்ணிப் பார்க்கலாம். மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைத் தொழு உரத்துடன் கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது இட வேண்டும்.

*கோரை:* மேலே பிடுங்கினால் போகாது. கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். புதிதாகப் புல் நடும் நிலத்தில் சித்திரை, வைகாசியில் நீர் பாய்ச்சி, ஒளி ஊடுருவும் மெல்லிய பாலித்தீன் தாளால் 4 முதல் 6 வாரம் மூடி வைத்தால் பெரும்பாலான களை விதைகள் அழியும். கோரைக் கிழங்கு முழுதும் அழியாது. மீண்டும் முளைப்பவற்றை நடவுக்கு முன் தோண்டி எடுக்க வேண்டும்.

*அகன்ற இலைக் களைகள்:* அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை, நெருஞ்சி ஆகியவற்றைப் பூப்பதற்கு முன் கையால் களைவதே நல்லது. 2,4-டி தெளித்தால் காற்றில் பரவி பக்கத்துத் தோட்டத்துப் பருத்தி, தக்காளி, கத்தரி கருகும். பக்கத்து நிலத்தாரோடு வரும் சண்டை புல்தரை வருமானத்தை விடப் பெரிது.

மருந்து தெளிக்காத தரையில் வெட்டிய புல்லை மாட்டுக்குப் போடலாம், அல்லது தரையிலேயே விட்டால் தழைச்சத்து திரும்பக் கிடைக்கும். மருந்து தெளித்த புல்லைக் கால்நடைகளுக்குப் போடவே கூடாது.

ஓய்வுக் காலத்தில் இயந்திரப் பராமரிப்பு

- வெட்டிய புல்லின் நுனி நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள். கிழிந்த நுனி வழியே நோய் நுழையும். சாணை பிடித்தபின் பிளேடின் இரு பக்கமும் ஒரே எடையில் உள்ளதா என்று ஆணியில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும்.
- ஒரு மாதத்துக்கு மேல் இயந்திரத்தைப் பயன்படுத்தாவிட்டால் பெட்ரோலை வடித்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட்டி நிறுத்த வேண்டும். பழைய பெட்ரோல் கார்புரேட்டரை அடைத்துவிடும்.
- காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். இன்ஜின் ஆயிலை மாற்ற வேண்டும்.
- பிளேடைத் தொடும் முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும். இதில் அலட்சியம் கூடாது.

புல் விற்பவர்கள் கவனிக்க: மண்ணும் சேர்ந்து போகிறது

புல்லைப் பாளமாக வெட்டி விற்கும்போது அடியில் சுமார் 2 செ.மீ. மண்ணும் சேர்ந்து போகிறது. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 2 செ.மீ. கனம் என்றால் 80 கன மீட்டர் மண். எடையில் சுமார் 100 டன். 100 கன அடி கொள்ளும் டிராக்டர் டிப்பரில் 28 லோடு. ஒவ்வொரு அறுவடைக்கும் இந்த அளவு மேல்மண்ணை வயலை விட்டு அனுப்புகிறோம். ஆத்தங்குடிப் பகுதியில் மேல்மண்ணின் ஆழம் குறைவு. சில இடங்களில் ஒரு முழத்திலேயே சரளை வந்துவிடும். சில அறுவடைகளுக்குப் பின் அந்த நிலத்தில் கடலை கூடப் போட முடியாது. எனவே,

- முடிந்தவரை பாளமாக விற்காமல் வேர்த்தண்டாக விற்கலாம். மண்ணை உதறிவிட்டுச் சாக்கில் கட்டித் தரலாம். 10 செ.மீ. இடைவெளியில் நட்டால் சுமார் 3 மாதத்தில் தரை மூடும் என்று வாங்குபவரிடம் விளக்க வேண்டும்.
- பாளமாகத்தான் வேண்டும் என்றால், பாலித்தீன் தாள் விரித்து அதன் மேல் 3 முதல் 5 செ.மீ. கனத்துக்கு மணல், மட்கிய தென்னை நார்க்கழிவு, தொழு உரக் கலவை பரப்பி அதில் வளர்க்கலாம். வயல் மண் போகாது. வேர் தாளில் பின்னிக்கொள்வதால் பாய் போல் சுருட்டி எடுக்கலாம். ஆனால் தினமும் நீர் தேவைப்படும் என்பதால் நீர் வசதி உள்ள சிறு பரப்பில் மட்டுமே செய்ய வேண்டும்.
- வயலில் வெட்டியே ஆக வேண்டும் என்றால், வரிகளுக்கிடையே 5 முதல் 8 செ.மீ. புல்லை விட்டு வெட்ட வேண்டும். அறுவடைக்குப் பின் மட்கிய உரத்தைக் கட்டாயம் இட வேண்டும். அந்தச் செலவையும் விற்பனை விலையில் சேர்த்தே பேச வேண்டும்.
- கையில் இருக்கும் நிலம் முழுவதையும் புல்லாக்க வேண்டாம். 10 முதல் 20 சென்ட்டில் தொடங்கி, வாங்குபவர் உறுதியான பின் விரிவாக்கலாம்.

பராமரிப்பு ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கு

ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வாங்க வேண்டும். அதில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: எத்தனை சென்ட், மாதம் எத்தனை முறை வெட்டு, தண்ணீரும் உரமும் யார் பொறுப்பு, கோடையில் எந்தப் பகுதியை உறங்க விடுவது. நான்காவதுதான் முக்கியம். சித்திரையில் புல் பழுப்பதைப் பார்த்து, 'பராமரிப்புச் சரியில்லை' என்று கூலியைப் பிடித்தம் செய்யும் நிலை வரக் கூடாது. புல் உறங்குவதையும் ஆடியில் துளிர்ப்பதையும் உரிமையாளரிடம் பங்குனியிலேயே சொல்லிவிடுங்கள். அதேபோல், திருமணம், விழா முடிந்த மறுநாள் பந்தல், நாற்காலிகளை அகற்றிவிட வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளலாம். மூன்று நாள் மூடிக் கிடந்த புல் வெளுத்துவிடும்.

முக்கியக் குறிப்புகள்

- பனிக்காலத்தில் உயரத்தைக் கூட்டு, யூரியாவைப் பாதியாக்கு, காலையில் பனியைத் தட்டு.
- கோடையில் முதல் பகுதிக்கு மட்டும் நீர். மற்றவற்றுக்கு 15 நாளுக்கு ஒருமுறை உயிர்த்தண்ணீர்.
- துளையிடுதலும் மணல் தூவுதலும் ஆனி முதல் ஆவணி வரை மட்டுமே.
- வண்டல் வயலுக்கு. சலித்த மணல் புல்லுக்கு.
- விற்கும்போது புல்லை விற்கலாம். மேல்மண்ணை விற்க வேண்டாம்.

நடவுக்கு முன் மண்ணையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். மேலும் விவரங்களுக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, செட்டிநாடு மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தையோ, அருகிலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்தையோ அணுகிப் பயன்பெறலாம். நோய் தாக்கிய புல்லைக் காட்ட வரும்போது, திட்டின் ஓரத்தில் பாதி பச்சையும் பாதி பழுப்புமாக உள்ள துண்டை வேரோடும் மண்ணோடும் எடுத்து வாருங்கள். முழுதும் காய்ந்த புல்லில் நோயைக் கண்டறிவது கடினம்.